பட்டியலில் பெயர் இல்லாத செய்தியாளருக்கு: ஆட்சியர் அலுவலகச் செய்தியாளர் சந்திப்பில் இடம் கேட்கும் முறை

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து பிசான (பின்பருவ நெல்) சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்போது வெளிவரும் செய்திக்குறிப்பில், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கர் நிலம் பாசனம் பெறும் என்ற கணக்கை நாம் பலமுறை படித்திருக்கிறோம். பாளையங்கால்வாயின் கடைமடைக்கு அந்தத் தண்ணீர் எந்த நாளில் வந்து சேரும், சென்ற ஆண்டு தண்ணீர் எட்டிப்பார்க்காத மடைகள் எவை, அவற்றில் தூர்வாரும் பணி முடிந்ததா என்பவை அக்குறிப்பில் இருப்பதில்லை. செய்தியாளர் சந்திப்பில் யாராவது கேட்டால்தான் அவற்றுக்குப் பதில் வரும். அந்த ஊரிலேயே குடியிருந்து, சிறிய வலைத்தளமோ யூடியூப் சேனலோ மாத இதழோ நடத்துகிறவருக்குத்தான் அந்தக் கேள்வி தெரியும். ஆனால் கேள்வி கேட்கும் அறையில் அவருக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அந்த இடத்தை முறைப்படி கேட்டுப் பெறுவது எப்படி என்பதை, நெல்லைச் சீமையில் சொந்த முயற்சியில் செய்தி வெளியிடும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

சுயேச்சை ஊடகங்களை அரசின் செய்தியாளர் சந்திப்புகளில் அனுமதிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி வந்த ஊர்வலத்தின்போது 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தார்கள். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதில் அரசுத் தரப்பு சொன்னதற்கும், அங்கிருந்தவர்கள் சொன்னதற்கும் இருந்த தூரத்தை இந்த ஊர் மறக்கவில்லை. ஒரு நிகழ்வுக்கு எத்தனை பேர் சாட்சியாக இருந்து, எத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள் என்பது எங்களுக்கு ஏட்டளவிலான விவாதம் அன்று.

ஆனால், அந்த இடம் சலுகையாகக் கிடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையில் 2025 ஜனவரியில் புதிய ஊடகங்களுக்கென ஓர் இருக்கை ஒதுக்குவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே, மெக்சிகோ வளைகுடாவை அரசு சூட்டிய புதிய பெயரால் குறிப்பிடவில்லை என்பதற்காக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் செய்தியாளர்களைச் சில நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். மனம்போல் திறக்கப்படும் கதவு மனம்போல் மூடப்படவும் கூடும். ஆகவே நாம் கேட்க வேண்டியது எழுதப்பட்ட விதியை. அந்த விதியின்படி கிடைக்கும் இருக்கையை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தின் கூட்ட அரங்கு வாசலில், “உங்கள் பெயர் பட்டியலில் இல்லை” என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். எந்தப் பட்டியல், யார் தயாரித்தது, அதில் சேர யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த மூவரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். நாளடைவில்தான் புரிந்தது, அந்தப் பட்டியல் ஒரு வாட்ஸ்அப் குழு. பல இடங்களில் உண்மையான வாசல் இதுதான்: அழைப்பும் செய்திக்குறிப்பும் அந்தக் குழுவில் வருகின்றன, குழுவில் இல்லாதவருக்குச் சந்திப்பு நடந்ததே மறுநாள் நாளிதழைப் பார்த்துத்தான் தெரிகிறது. முதலில் வெல்ல வேண்டிய இடம் இந்தக் குழு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பே தேவைப்படாத இடங்கள்

ஆட்சியரின் சந்திப்புக்கு இடம் கேட்பதற்கு முன், யாருடைய அழைப்பும் இல்லாமல் செல்லக்கூடிய இடங்களை நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் உங்கள் ஊராட்சியின் வரவு செலவு பொதுவில் வாசிக்கப்படுகிறது. திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மானூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் மனுவுடன் வருகிறவர்களை வளாகத்திலேயே சந்திக்கலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதிகாரிகள் சொல்லும் வாக்குறுதிகளைத் தேதியுடன் குறித்து வைப்பவர் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு. அந்தக் குறிப்பேடு ஒன்றே உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தும். அமைச்சர்கள் வரும் நிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையும் அனுமதிச் சீட்டும் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் போன்றவை மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. அவற்றுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி செல்லாது, அந்தந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

தாள்களைச் சேர்த்து வைத்தல்

உங்கள் தளத்தில் ஆசிரியரின் பெயர், முகவரி, புகார் பெறுபவரின் தொடர்பு விவரம், தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடும் முறை ஆகியவை வெளிப்படையாக இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத்தில் செய்தி வெளியிடுவோர் தங்கள் விவரங்களை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன; அதைச் செய்து, அனுப்பியதற்கான சான்றைக் கையில் வைத்திருங்கள். அச்சு இதழ் நடத்துகிறவராயின், 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் நீங்கள் வெளியிட்ட செய்திகளுள் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, தேதி வாரியாக ஒரு கோப்பாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் நீங்களே திருத்தம் வெளியிட்ட ஒரு செய்தியும் இருக்கட்டும். தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்பதை அது காட்டும்.

இவ்வளவு தாள்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு குவாரி லாரிகளை மறித்துப் பணம் பறிப்பவர்களும், அலுவலகம் அலுவலகமாகச் சென்று கவர் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வது வெறும் சாக்கு அன்று. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதற்கான பதில், செய்த வேலையைப் பார்த்து அளவிடும் விதிதான்: தொடர்ந்து செய்தி வெளியிடுகிறாரா, பெயரும் முகவரியும் தெரிகிறதா, புகார்களுக்குப் பதில் சொல்கிறாரா என்று பார்க்கட்டும். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அங்கீகார வழிகாட்டுதல்கள் இணைய ஊடகங்களை மாதாந்திர வாசகர் எண்ணிக்கையைக் கொண்டும் அளக்கின்றன. டெல்லிக்கு அது பொருந்தலாம். நாங்குநேரி வட்டத்துக்கு மட்டுமே செய்தி தரும் ஒருவரை அந்த அளவுகோலால் அளந்தால், அவர் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் என்றைக்கும் தேறமாட்டார்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. செய்தி மக்கள் தொடர்புத் துறை வழங்கும் அங்கீகார அட்டை சில வசதிகளுக்கானது. செய்தி சேகரிக்கவும் வெளியிடவும் ஒருவருக்கு உள்ள உரிமை, அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின்படி ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய பேச்சுரிமையிலிருந்தே வருகிறது. அதற்கு அட்டை தேவையில்லை.

கடிதம்

மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலருக்கு, நாம் பி.ஆர்.ஓ. என்று அழைப்பவருக்கு, ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

“நான் இந்த ஊரிலிருந்து இந்தப் பெயரில் இந்த ஆண்டு முதல் செய்தி வெளியிட்டு வருகிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் செய்தியாளர் சந்திப்புகளுக்கான அழைப்பையும், செய்திக்குறிப்புகளையும் எனக்கும் அனுப்புமாறு வேண்டுகிறேன். அழைக்கப்படுவோரைத் தேர்ந்தெடுக்க விதிமுறை இருப்பின் அதன் நகலைத் தந்துதவ வேண்டுகிறேன். அரங்கில் இடம் போதாதெனில், சிறிய ஊடகங்களுக்கென ஓரிரு இருக்கைகளைச் சுழற்சி முறையில் ஒதுக்குவதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். என் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், எந்த விதியின்கீழ் என்பதைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் எல்லா நடவடிக்கைகளுக்கும் அதுதான் ஆதாரம். கடிதத்தைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்களிடம் உள்ள நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். அன்றே பி.ஆர்.ஓ.வைப் பார்த்து வணக்கம் சொல்லி, கோப்பைக் காட்டுங்கள். அவரும் பணிச்சுமை மிகுந்த அலுவலர்தான். பல நேரங்களில் இந்த ஒரு சந்திப்பிலேயே வாட்ஸ்அப் குழுவில் எண் சேர்ந்துவிடும்.

15 நாட்களில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். சட்டம் குடிமக்களுக்கே இந்த உரிமையைத் தருவதால், நிறுவனத்தின் பெயரில் கேட்காமல் உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திடுங்கள். ‘ஏன் என்னை அழைக்கவில்லை’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று மனு திரும்பிவிடும், ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் செய்தியாளர் சந்திப்புகளுக்கு அழைக்கப்பட்ட ஊடகங்களின் பட்டியல், அழைப்புக்கான விதிமுறை அல்லது அரசாணையின் நகல், அரங்கின் இருக்கை எண்ணிக்கை, உங்கள் கடிதத்தின்மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பு ஆகிய நான்கும் போதும். 30 நாட்களில் பதில் தரப்பட வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். விதிமுறை எதுவும் இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம்: விதி இல்லாமல் ஒருவரை அழைத்து இன்னொருவரை விலக்குகிறார்கள் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

அரங்குக்குள்

இடம் கிடைத்த நாளில் ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள். அதில் ஓர் எண்ணும் ஒரு தேதியும் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாட்களைப் பற்றி ‘நிவாரணப் பணிகள் எப்படி நடக்கின்றன’ என்று கேட்டால் ‘போர்க்கால அடிப்படையில்’ என்றே பதில் வரும். எந்த அணையிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை கன அடி திறக்கப்பட்டது, கரையோர ஊர்களுக்கு அறிவிப்பு எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டால், பதிவேட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மற்றொரு செய்தியாளரின் கேள்விக்குப் பதில் வராமல் நழுவினால், உங்கள் கேள்வியைக் கைவிட்டு அவருடைய கேள்வியை மீண்டும் கேளுங்கள். பெரிய நாளிதழ்களின் நிருபர்கள் நம்மைப் போட்டியாளராகக் கருதுவது குறைய இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

நேரலை செய்வதற்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மனுக் கொடுக்க வந்த பெண்கள், குழந்தைகள் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவிலும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவிலும் குற்றமாகும். சந்திப்பு முடிந்ததும் கொடுக்கப்படும் எந்தக் கவரையும் தொடாதீர்கள். செய்திக்குறிப்பு மட்டும் போதும்.

மறுக்கப்பட்டால்

வாசலில் வாக்குவாதம் செய்வதால் பயனில்லை. கேள்விகளை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வராவிட்டால் ‘இந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை’ என்று வெளியிடுங்கள். அச்சு இதழ் நடத்துகிறவர் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம்; இணைய ஊடகங்கள் அதன் வரம்புக்குள் வராதது பெருங்குறை. எழுத்தில் மறுப்புக் கிடைத்தாலோ, நினைவூட்டல் அனுப்பியும் பல மாதம் பதிலே இல்லாவிட்டாலோ, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுத் தாக்கல் செய்வது குறித்து வழக்கறிஞரைக் கேளுங்கள். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில், அவருக்கு நிவாரணம் கிடைக்காவிட்டாலும், தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1974இல் வகுத்த கோட்பாடு அங்கே கைகொடுக்கும். நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டுக்கு உதவும் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றும் உண்டு. ராபர்ட் ஷெரில் என்ற வார இதழ்ச் செய்தியாளருக்கு வெள்ளை மாளிகை நுழைவு அட்டை மறுக்கப்பட்ட வழக்கில், மறுப்பதற்கான அளவுகோல் வெளியிடப்பட வேண்டும், மறுக்கப்பட்டவர் பதிலளிக்க வாய்ப்புத் தர வேண்டும், இறுதி முடிவுக்கு எழுத்தில் காரணம் வேண்டும் என்று 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நம் கடிதத்தின் கடைசி வாக்கியம் கேட்பதும் அதையேதான்.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்கு 15 நாள், தகவல் மனுவுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டு முடிவுக்கு அதிகபட்சம் 45 நாள் என்று கூட்டினால் 90 நாள் ஆகிறது. பிசானத்துக்கு அணை திறப்பு அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும் என்பதால், கடைமடைக் கேள்வியுடன் அந்த அரங்கில் அமர விரும்புகிறவர் ஜூலை முதல் வாரத்தில் தபால் பிரிவில் முத்திரை பெற்றிருக்க வேண்டும்.