நகை, வீட்டுக் கடன், ஞாயிறு மாலை 6 மணி

நானும் என் கணவரும் மனமொத்து விவாகரத்து பெற்றுப் பிரிந்தவர்கள். அப்படியும் கிரைண்டர் யாருக்கு என்று 2 வாரம் பேசினோம். அதனால் சொல்கிறேன்: வக்கீலிடம் போகும் முன்பே ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

முதலில் நகை. பிறந்த வீட்டில் போட்டது, கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்தது எல்லாம் சீதனம், அவளுக்கே சொந்தம். ஆனால் எது எது என்று காட்ட வேண்டுமே! சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக வைத்து போட்டோ எடுத்தேன். ரசீது தொலைந்துபோன ஆரத்துக்குக் கல்யாண ஆல்பம்தான் சாட்சி. 11 சவரன் அடகில் இருந்தது. அதை யார் மீட்பது, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதினோம்.

அடுத்து வீடு. விவாகரத்து என்றால் பாதிக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் அப்படி இல்லை, பத்திரத்தில் யார் பெயர் என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால் வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

எங்கள் வீடு இருவர் பெயரிலும், கடனும் இருவர் பெயரிலும். வீட்டை அவர் வைத்துக்கொண்டார், என் பங்குக்குப் பணம் தந்தார். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "கடனை அவர் கட்டுவார்" என்று கோர்ட் தீர்ப்பில் இருந்தாலும் பேங்க்காரனை அது கட்டுப்படுத்தாது. கடனிலிருந்து என் பெயரை எடுத்ததற்குக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விடுதலைப் பத்திரத்தில், அதாவது வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டேன். அதையும் தீர்ப்புக்கு முன்பே பதிந்தோம். குடும்பத்தாருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை கணவன் மனைவியாக இருக்கும்வரைதான்.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் போடும் மனமொத்த விவாகரத்து மனுவுக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 6 மாதம். தகுந்த வழக்குகளில் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவரை யாரும் மனம் மாறலாம். அதனால் பணத்தை மொத்தமாகத் தராமல் முதல் மனுவன்று பாதி, இரண்டாவதில் பாதி என்று டிடி எடுத்துக்கொண்டோம்.

இனி குழந்தை. 5 வயதுக்குள் என்றால் சாதாரணமாக அம்மாவிடம் என்கிறது சட்டம். என் மகளுக்கு அப்போது 7. வக்கீல் "அப்பா நியாயமான முறையில் சந்திக்கலாம்" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். விடவில்லை. எது நியாயம் என்று யார் சொல்வது? இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 6 வரை அப்பாவிடம். தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே, பொங்கல் அதற்கு நேர்மாறாக. மே விடுமுறை பாதிப் பாதி. பள்ளிக் கட்டணம் அவர், வேன் நான். பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறந்தநாளை மறந்துவிட்டோம், அந்த வருடம் இரண்டு கேக்.

இன்னொன்றும் விட்டுப்போனது. ஒரு ஞாயிறு இரவு 8 மணிக்கு, கணக்கு நோட்டு அப்பா வீட்டில் என்று அழுதாள். மறுநாளே ஒரு செட் நோட்டும் பென்சில் பாக்ஸும் அங்கே வாங்கி வைக்கச் சொன்னேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷும்தான்.