தடையும் பாட்டும்: நைட்டுகளின் டூர்னமென்டைப் படிக்கும் முறை

குமரிக் கடற்கரை ஊர்களில் டூர்னமென்ட் என்றால் கால்பந்து. 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது வேறு சங்கதி. நைட்டுகள் என்னும் குதிரைவீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, வயல், தோப்பு, தெரு என்று பாராமல் துரத்திப் பிடிப்பார்கள். பிடிபட்டவன் மீட்புப்பணம் கட்டவேண்டும், அவன் குதிரையும் பிடித்தவனுக்கே போகும். இருவர் மட்டும் ஈட்டியோடு மோதுவது ஜோஸ்ட். சினிமாவில் வரும் நடுத்தடுப்பு 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. இந்த மூன்றையும் பிரித்துக்கொள்ளாமல் உள்ளே போனால் எல்லாம் குழம்பும்.

சட்டத்திலிருந்து தொடங்குங்கள், அதில் ஆண்டு இருக்கும். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, இடம், யார் சொன்னது, எதைத் தடுத்தது. 1139-இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, டூர்னமென்டில் செத்தவனுக்குத் திருச்சபைக் கல்லறை கிடையாது என்றது; பாவசங்கீர்த்தனத்தை மட்டும் மறுக்கவில்லை. 1179-இல் மூன்றாம் லாத்தரன் அதையே திரும்பச் சொன்னது. திரும்பச் சொல்லவேண்டி வந்ததே, யாரும் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி. தடை இருந்தது, ஆகவே ஆட்டம் நின்றது என்று எழுதுவதுதான் புதிதாகப் படிப்பவர்களின் வழக்கமான தப்பு. 1316-இல் இருபத்திரண்டாம் யோவான் பாப்பரசரே தடையை எடுத்துவிட்டார்.

1194-இல் இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்ட் வேறு வழி பிடித்தார்: ஐந்து இடங்களில் மட்டும் அனுமதி, அதற்குக் கட்டணம். ஏர்ல் என்னும் பெரும்பிரபுவுக்கு 20 மார்க் (அக்காலப் பணக் கணக்கு), பாரன் என்னும் அடுத்த நிலைப் பிரபுவுக்கு 10, நிலமுள்ள நைட்டுக்கு 4, நிலமில்லாதவனுக்கு 2. நிலமில்லாதவனுக்கென்று தனிக் கட்டணம் வைத்தார்கள் என்றால், அவனும் வந்து ஆடியிருக்கிறான். 1292-ஐ ஒட்டிய இங்கிலாந்தின் ஆயுதச் சட்டம் கூர்வாளையும் கூர்க்கத்தியையும் தடுத்தது, ஒரு பிரபுவுக்கு மூன்று ஏவலர் போதும் என்றது. ஒவ்வொரு தடையையும் திருப்பிப் போட்டுப் படியுங்கள். களத்தில் நடந்தது தெரியும்.

பிறகு பாட்டுக்கு வாருங்கள். கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிது: யார் பாடச் சொன்னது என்று முதலில் கேட்பார்கள். இங்கிலாந்து நைட் வில்லியம் மார்ஷலின் வரலாறு 19,000 அடிகளுக்கு மேல் ஓடும் பழைய பிரெஞ்சுப் பாட்டு. அவர் 1219-இல் இறந்தபின் மூத்த மகன் எழுதச் சொன்னது. புகழ்ச்சியைத் தள்ளுபடி செய்துதான் வாசிக்கவேண்டும். ஆனால் மார்ஷலும் கூட்டாளியும் சில மாதங்களில் 103 நைட்டுகளைப் பிடித்தார்கள் என்ற கணக்கை அப்படித் தள்ளமுடியாது. அரண்மனைச் சமையற்கட்டு எழுத்தர் எழுதிவைத்தது என்று பாட்டே ஆதாரம் காட்டுகிறது. எண் வரும் இடமெல்லாம், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாட்டில் வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் வடபிரான்சில் நடப்பதற்கும் காரணம் சட்டத்தில் இருக்கிறது: இங்கிலாந்தில் ரிச்சர்டின் தந்தை இரண்டாம் ஹென்றி அரசர் விடவில்லை.

12-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர் கிரேத்தியன் தெ த்ருவாவின் ஆர்தர் அரசன் கதைகளில் விலை, மீட்புப்பணம் தேடாதீர்கள். சீமாட்டிகள் பார்க்க ஆடும் ஆசைதான் அங்கே சரக்கு. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் நைட் கதையில் களம் பழைய ஏதென்ஸ், விதிகள் 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வாடை.

பயிற்சிக்கு ஜெப்ரி தெ சார்னி நல்லவர். 1356-இல் போரில் செத்த நைட். ஜோஸ்ட் பற்றி 20 கேள்வி, டூர்னமென்ட் பற்றி 21 எழுதிவைத்தார்; குதிரை யாருக்கு என்ற வழக்கு திரும்பத் திரும்ப வரும். விடைகள் நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நோட்டை வைத்து ஒரு பத்துக்காவது தீர்ப்பு எழுதிப்பாருங்கள்.