குழந்தைக்கு நீர்க்கடுப்போடு காய்ச்சலா? சிறுநீரகத்தில் தழும்பு விழாமல் பார்த்துக்கொள்ள

வெயில் ஏறிவிட்டால் ஈரோடு, திருப்பூர் பக்கம் குழந்தை ஒண்ணுக்குப் போகும்போது அழுதாலே "சூடு பிடிச்சுக்கிச்சுங்க" என்று அமுச்சி தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார், கையோடு ஒரு பொள்ளாச்சி இளநீரும் வரும். இளநீர் கொடுங்கள், தப்பில்லை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள்.

காரணம் இதுதான். பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியா மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கும், அதைக் கொல்ல நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சில மணி நேரத்திலேயே திசுவுக்குள் இறங்கிவிடும், ஆனால் அவை கக்கும் என்சைம்கள் கிருமியோடு சேர்த்துப் பக்கத்துச் செல்களையும் புண்ணாக்கும். அப்புறம் மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் வந்து செத்ததை விழுங்கி, புண் ஆற டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரக்கும். சீக்கிரம் முடிந்தால் நல்லபடி ஆறிவிடும். இழுத்துக்கொண்டே போனால் அதே புரதம் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவிய வைத்து, வேலை செய்த இடத்தை வெறும் நாராக்கிவிடும், இதுதான் தழும்பு. அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

அதனால் நாள் கடத்தாதீர்கள், முதல் 2 நாளுக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால் சிறுநீர் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

மாதிரியை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப்பை ஒரு வேளை ஊற்றிவிட்டால்கூட, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது. சுத்தமாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் கலந்துவிடும், டாக்டர் சின்னக் குழாய் வைத்து எடுக்கிறேன் என்றால் பயப்படாமல் சரி என்று சொல்லுங்கள். கல்ச்சர் முடிவு வர 2, 3 நாள் ஆகும், அதுவரை மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

திரும்ப வராமல் இருக்க, மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரி பண்ணுங்கள், பள்ளிக்கூடத்தில் சிறுநீரை அடக்கி வைக்கிறதா என்று விசாரியுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் அவசியம், சிறுநீர் பின்னோக்கி ஏறும் குறை சில குழந்தைகளுக்கு இருக்கும். தழும்பைக் காட்டுவது டிஎம்எஸ்ஏ ஸ்கேன். அதைத் தொற்று வந்து 4 முதல் 6 மாதம் கழித்து எடுத்தால்தான் ஆறிய வீக்கம் எது, நிலைத்த தழும்பு எது என்று பிரித்துத் தெரியும், டாக்டர் எழுதிக் கொடுத்தால் கோவை வரை போக வேண்டியிருந்தாலும் போய் எடுத்துவிடுங்கள்.