ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ரசம் போன கண்ணாடியை மாற்றுவது எப்படி

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் பல வருடம் பீரோவில் கிடந்த யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனெட், ஃபெட் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் (வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்பவை) அடிக்கடி பார்க்கும் குறை ஒன்று உண்டு. வியூஃபைண்டரின் நடுவே தெரிய வேண்டிய இரட்டைப் பிம்பம் மங்கியிருக்கும், அல்லது அறவே இருக்காது. உள்ளே 45 டிகிரி சாய்வில் நிற்கும், பாதி ரசம் பூசிய சின்னக் கண்ணாடிதான் அந்தப் பிம்பத்தைக் காட்டுவது. கடற்காற்றின் உப்பும் இரண்டு பருவமழையின் ஈரமும் அதன் பூச்சைத் தின்றுவிடும்.

லைக்கா எம்3 வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அதில் இருப்பது பால்சம் என்ற பசையால் ஒட்டிய பிரிசம்; அதன் பழுது வேறு வகை.

மேல்மூடியைக் கழற்ற ஜப்பான் கேமராக்களுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டார் டிரைவர் ஸ்க்ரூவின் தலையை அரித்துவிடும். ஹாட் ஷூ (ஃப்ளாஷ் செருகும் இடம்) உள்ள மாடலில் மூடியோடு ஒயரும் வரும், வெடுக்கென்று தூக்காதீர்கள். திறந்ததும் முதலில் முன் ஜன்னலையும் கண் வைக்கும் கண்ணாடியையும் உள்பக்கம் துடைத்துவிட்டுப் பாருங்கள். அவற்றில் படிந்த பூஞ்சைதான் காரணம் என்றால் வேலை அங்கேயே முடிந்தது. சாய்ந்த கண்ணாடியை மட்டும் துடைக்கக் கூடாது, காற்றுப் பந்தால் ஊதினால் போதும். பஞ்சு பட்டால் மிச்ச ரசமும் பஞ்சோடு வந்துவிடும்.

ரசம் திட்டுத் திட்டாகப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, சட்டத்தில் கண்ணாடியின் விளிம்பை ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். பழைய பசையில் அசிட்டோனைப் பல்குச்சி நுனியால் தொட்டு வைத்து இளக்கலாம். பிளாஸ்டிக்கில் படக் கூடாது. நீளம், அகலம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்து, அதே கனத்தில் 50/50 பீம் ஸ்ப்ளிட்டர் கண்ணாடி (பாதி ஒளியை ஊடுருவ விட்டு, பாதியைத் திருப்புவது) வாங்குங்கள். ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் மைக்ராஸ்கோப் ஸ்லைடில் கார் சன் ஃபிலிம் ஒட்டியும் ஓட்டலாம். ஆனால் பார்வை இருளும், ஃபிலிம் சுருங்கினால் பிம்பம் நெளியும், தற்காலிகத்துக்கு மட்டும்.

பூச்சு எந்தப் பக்கம் என்று அறிய, வெட்டி எறியப்போகும் மூலையில் பென்சில் முனையை வையுங்கள். முனையும் அதன் பிம்பமும் இடைவெளியில்லாமல் தொட்டால் அதுதான் பூச்சுப் பக்கம். வைரமுனை கட்டரால் மறுபக்கத்தில் ஒரே கோடு, ஒரே இழுப்பு.

பொருத்தும்போது பூச்சுப் பக்கம் கண்ணை நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வரும் ஒளி அந்த முகத்தில்தான் பட்டுத் திரும்புகிறது. மாற்றி வைத்தால் அது கண்ணாடிக்குள் போய் வந்து பேய்போல இன்னொரு மங்கல் பிம்பத்தைக் காட்டும். ஃபெவிக்விக் வகைப் பசை ஆகவே ஆகாது. அதன் ஆவி கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் படியும். அரால்டைட் போன்ற இரண்டு டியூப் பசையை ஊசிமுனை அளவில் மூலைகளில் வைத்து, இறுகுமுன் வியூஃபைண்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் ஒளி இரண்டு பங்கு விலகும். அவசரப்பட்டால் பிறகு ஸ்க்ரூவால் சரிக்கட்ட முடியாது.

பசை நன்றாக இறுகியபின், அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்களால் நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். இதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட வசதியான இடம் அபூர்வம். பிம்பம் மேலே கீழே விலகியிருக்கிறதா என்று பார்க்கத் தொடுவானக் கோடு போதும். இடம் வலம் பார்க்க அது உதவாது, செங்குத்தான விளிம்பு வேண்டும். லென்ஸை முடிவிலியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள முப்பந்தல் காற்றாலைத் தூண் ஒன்றைப் பாருங்கள். காலையில் பாருங்கள்; உச்சி வெயிலில் கானல் அலையும். அடுத்து 1 மீட்டரில் ஒரு பொருளை வைத்துச் சோதியுங்கள், தூரத்தைப் படச்சுருள் தளத்திலிருந்து அளந்து. தூரம் சரி, கிட்டம் தவறு என்றால் லென்ஸோடு நகரும் கையின் நிலையைப் பார்க்க வேண்டும்.

மூடியை மழை நாளில் பூட்டாதீர்கள், ஈரமும் உள்ளே அடைபடும். பிறகு கேமராவைத் தோல் உறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரி சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.