நூலைக் குறிக்கும் சீன எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலுக்குரிய சீன எழுத்தைப் (糸) புதிதாகக் கற்போர் பலர் எட்டுக் கோடுகளாக எழுதிவிடுகின்றனர்; அதற்கு உரியவை ஆறு கோடுகளே. மேற்பகுதியிலுள்ள இரு வளைவுகளும் இடப்புறம் சரிந்து, தூரிகையை எடுக்காமலே வலப்புறம் திரும்பும் தனித்தனிக் கோடுகள். அவற்றைப் பாதியில் முறித்தால் கணக்குப் பிசகிவிடும். அடுத்து ஒரு சிறு புள்ளி, பிறகு நடுவே செங்குத்துக் கோடு, அதன் இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு புள்ளி என்பதே ஜப்பானியப் பிள்ளைகள் முதல் வகுப்பில் கற்கும் வரிசை. செங்குத்துக் கோட்டின் அடியைக் கொக்கியாக மடிப்பதா, நேராக நிறுத்துவதா என்ற வாதம் வீண்; ஜப்பானிய அரசின் எழுத்துப் பட்டியல் இரண்டையும் ஏற்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, கிழக்காசியா முழுவதும் ஒரே வடிவம் வழங்குவதாக எண்ணுவது. பழஞ்சீனத்தில் இவ்வெழுத்து மெல்லிய பட்டிழையைக் குறித்தது. பட்டு என்று எழுத இதையே இருமுறை பக்கம் பக்கமாக எழுதினர். ஜப்பான் அந்த இரட்டையைக் கைவிட்டு ஒற்றையை நிலைநிறுத்தியது. மக்கள் சீனமோ இரட்டையை ஐந்து கோடுகளாகச் சுருக்கியதோடு, காகிதம், சிவப்பு போன்றவற்றின் இடப்பக்க உறுப்பாக வரும்போது நூல் எழுத்தை மூன்றே கோடுகளாக்கியது. ஆயினும் எழுத்தின் அடிப்பகுதியில் வரும்போது அங்கும் ஆறு கோடுகள் மாறவில்லை என்பதை மறந்து, எல்லா இடத்திலும் சுருக்குவோர் உண்டு.

பொருளிலும் வழுக்கும் இடங்கள் உள்ளன. ஊசியில் கோக்கும் நூலை ஜப்பானியர் இவ்வெழுத்தால் எழுதி 'இட்டோ' என்பர். சீனர் அதற்குக் கோடு என்றும் பொருள்படும் 'ஷியென்' என்ற வேறோர் எழுத்தை ஆள்வர். கொரியாவில் பட்டுக்குரிய இரட்டை எழுத்தைச் 'சில் சா' எனப் பெயரிட்டு அழைப்பதைக் கேட்டு, இரண்டும் அதன் ஒலிகள் என மயங்கக் கூடாது: 'சில்' நூலுக்கான தூய கொரியச் சொல், 'சா' மட்டுமே எழுத்தின் ஒலி.

நூல் உறுப்பைக் கண்டதும் நூற்பொருளைத் தேடுவதும் பிழையே. சிவப்பு என்னும் எழுத்தில் இடப்பக்கம் சாயமிட்ட பட்டைச் சுட்ட, வலப்பக்கம் ஒலியை மட்டும் காட்டுகிறது; முழு எழுத்தின் பொருளோ நிறமே, நூலன்று.

இறுதியாக, தலையில் ஒரு சாய்கோடு கூடினால் அது ஏழு கோடுகளுடன் தொடர்பு, அமைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் வேறெழுத்து. அக்கோட்டைக் கவனியாமல் அகராதியைப் புரட்டினால், நூலைத் தேடியவர், அவ்வேறெழுத்து இடம்பெறும் சூரியக் குடும்பம் என்ற சொல்லில் போய் நிற்பார்.