பழைய விலங்குப் படங்களைப் பார்த்து வரைகிறவர்களுக்கு

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் காண்டாமிருகம் வரைந்து காட்டினான். கோடுகள் அருமை. ஆனால் தோளுக்கு மேலே ஒரு குட்டிக் கொம்பு! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நானும் வரைந்த கொம்புதான் அது. பென்சில் பிடிப்பது, காகிதம் வாங்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. பழைய படத்தை அப்படியே நம்பி வரைவதால் வரும் தவறுகள் மட்டும்தான்.

வரைந்தவர் எதைப் பார்த்தார் என்று கேட்காமல் விடுவது

அந்தக் கொம்பு ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வைத்தது. 1515 மே மாதம், குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலில் போர்ச்சுகலின் லிஸ்பன் போய் இறங்கியது. டியூரர் இருந்ததோ ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில். மிருகத்தை அவர் பார்க்கவே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த கடிதத்தையும் யாரோ வரைந்த ஒரு படத்தையும் நம்பி மரச்செதுக்கு அச்சாக, அதாவது மரக்கட்டையில் செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சாகப் போட்டார். தோல் மடிப்பெல்லாம் இரும்புக் கவசமாயிற்று, காலில் செதில் முளைத்தது, கூடவே அந்த இரண்டாவது கொம்பு. மறு வருஷமே, போப்பாண்டவருக்கு அனுப்பிய வழியில் கப்பல் மூழ்கி மிருகம் செத்தது. ஒப்பிட்டுப் பார்க்க அப்போது ஐரோப்பாவில் வேறு காண்டாமிருகம் இல்லை. சுவிட்சர்லாந்து இயற்கை அறிஞர் கெஸ்னர் 1551-ல் தொடங்கிய விலங்கு நூலிலும் இதே உருவம்தான். 1741-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் வந்த கிளாரா என்கிற காண்டாமிருகத்தை ஊர் ஊராகக் காட்டினார்கள்; 1749-ல் பிரெஞ்சு ஓவியர் ஊத்ரி அதை நிஜ அளவுக்கே நேரில் பார்த்து வரைந்த பிறகுதான் டியூரரின் பிடி தளர்ந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சிறுவர் புத்தகத்துக்குப் "பழைய பாணியில்" படம் கேட்டார்கள். செதிலை எடுத்துவிட்டேன். கொம்பைத் தோல் முடிச்சு என்று நினைத்து விட்டுவைத்தேன். புத்தகம் வந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இதுக்கு ஏன் முதுகுல கொம்பு?" அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். என் கூலி அதிலேயே போயிற்று.

இப்போதும் "டியூரரே போட்டிருக்காரே சார்" என்பார்கள். எரிச்சலாக வரும். அதே 1515-ல் இன்னொரு ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் பர்க்மையரும் அதே மிருகத்தை அச்சில் போட்டார். அவரும் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை, ஆனால் தோள் கொம்பு கிடையாது, காலில் கட்டிய தளை உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

தோலை உடம்பு என்று நினைப்பது

ஆங்கிலேய ஓவியர் ஸ்டப்ஸ் 1772-ல் கங்காரு வரைந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தோலை உப்பவைத்து. தோலுக்குள் எலும்பு இருக்காது, அதனால் உடம்பின் சரியான வடிவம் அதில் தெரியாது.

வண்ணத்தை நம்புவது

அச்சு கறுப்பு. வண்ணம் பெரும்பாலும் பிறகு கையால் பூசியது.

இடம் வலம்

கட்டையில் வரைந்தபடி அச்சில் விழாது, திரும்பிவிடும்.