பாலைவன வெயிலில் ஒரு சன்ரூம்: ஃபீனிக்ஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

அரிசோனாவில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும், பின்பக்கத்துப் பேட்டியோவை, அதாவது வீட்டை ஒட்டிய திறந்த தளத்தை, கண்ணாடி போட்டு அடைத்து ஒரு சன்ரூமாக்க வேண்டும் என்ற ஆசை வருவது உண்டு. நல்ல ஆசைதான். டிசம்பர், ஜனவரியில் இங்கே பகல் வெப்பம் 20 செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அந்த இளவெயிலில் உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம் இருந்தால் சுகம். ஆனால் இதே ஊரில்தான் 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள், பகலின் உச்ச வெப்பநிலை 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அதாவது தினமும் 43 செல்சியஸுக்கு மேல்.

சன்ரூம் குளிர்நாட்டில் பிறந்தது. அங்கே வெயிலைப் பிடித்து உள்ளே வைப்பதுதான் அதன் வேலை. அதனால் கூரை வரைக்கும் கண்ணாடி போடுவார்கள். அந்த வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், வருஷத்தில் ஐந்து மாதம் பூட்டியே கிடக்கும் அறைதான் கிடைக்கும். இங்கே முதலில் நிழலைக் கட்ட வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி. பெரும்பாலோர் கண்ணாடி கேட்லாக்கைப் புரட்டித்தான் தொடங்குகிறார்கள். இந்தச் செய்முறையில் அது ஐந்தாவது படியாகத்தான் வரும்.

படி 1: எந்த மாதங்களுக்கு இந்த அறை?

இதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும். அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை பயன்பட்டால் போதும் என்றால் ஏசி இல்லாத அறை போதும். வருஷம் முழுக்க வேண்டும், ஜூலையில் அங்கே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்க வேண்டும் என்றால், சுவர், கூரை, கண்ணாடி, ஏசி எல்லாமே வேறு கணக்கு; செலவும் வேறு.

இரண்டிலும் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்கும் பேட்டியோவுக்கும் நடுவில் இப்போது இருக்கும் சுவரும் கதவும் அப்படியே இருக்கட்டும். "அந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகத் தெரியும்" என்று கான்ட்ராக்டர் சொல்வார். எடுத்துவிட்டால், சன்ரூமின் வெப்பம் முழுவதையும் வீட்டு ஏசி சுமக்க வேண்டி வரும். கதவு இருந்தால், மோசமான மாதங்களில் சாத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அமெரிக்க மாதிரிக் கட்டட விதிகளிலும் (நகராட்சிகள் தங்கள் விதிகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்பு), இப்படி வீட்டிலிருந்து பிரிந்து நிற்கும் சன்ரூமுக்குத்தான் எரிசக்தி நிபந்தனைகள் தளர்கின்றன.

உள்ளூரில் 'அரிசோனா ரூம்' என்று ஒன்று உண்டு. கூரை முழுதாக இருக்கும். சுற்றிலும் கண்ணாடிக்குப் பதில் கொசுவலை மாதிரியான ஸ்கிரீன். நம் ஊர்த் தாழ்வாரத்துக்கு வலை அடித்தது போல. பட்ஜெட் குறைவு, குளிர்கால மாலைகளுக்கு மட்டும் போதும் என்பவர்கள் இதையே கட்டிவிடலாம். கண்ணாடியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும்படி தூண்களின் இடைவெளியை இப்போதே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: திசை

நம் ஊர் அனுபவம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். சென்னையில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். ஃபீனிக்ஸ் 33 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான். ஜூன் 21 அன்று 80 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல். டிசம்பர் 21 அன்று வெறும் 33 டிகிரி, தெற்குப் பக்கம் தாழ்ந்து நிற்கும்.

இதனால் தெற்குப் பார்த்த சுவர் ஒரு வரம். கோடையில் செங்குத்தான கண்ணாடிமேல் வெயில் சறுக்கிக்கொண்டு போகும்; குளிர்காலத்தில் தாழ்ந்த வெயில் அறையின் நடுப்பகுதி வரை வரும். இதைத்தானே நாம் கேட்கிறோம்!

மேற்கு அப்படி இல்லை. கோடை மாலையில் சூரியன் தாழ்ந்து நேராகக் கண்ணாடியில் அடிக்கும். காற்றின் வெப்பமும் உச்சத்தில் இருப்பது அதே நேரத்தில்தான். எந்தச் சன்ஷேடும் அந்தக் கோண வெயிலைத் தடுக்காது. உங்கள் பேட்டியோ மேற்குப் பார்த்தது என்றால், மேற்கில் திடமான சுவர் எழுப்பி, தெற்கிலோ வடக்கிலோ கண்ணாடி வையுங்கள். கிழக்கு பரவாயில்லை, காலையில் வெயில் அடித்தாலும் காற்று அப்போது அவ்வளவு சூடேறியிருக்காது. வடக்கில் வெளிச்சம் கிடைக்கும், குளிர்கால வெயில் கிடைக்காது.

கட்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஜூன் மாதம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு சாக்பீஸோடு பேட்டியோவில் நில்லுங்கள். இப்போதுள்ள கூரையின் நிழல் முடியும் இடத்தில் கோடு போட்டு, நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அரை மணி கழித்து இன்னொரு கோடு. டிசம்பரில் நடுப்பகலில் இதையே செய்யுங்கள். பக்கத்து வீட்டு மதில், மரம், மாடி என்று வரைபடத்தில் இல்லாத எல்லாம் அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும்.

படி 3: தரை, பெர்மிட்

இங்கே பல வீடுகளின் தளம் போஸ்ட்-டென்ஷன் வகை. கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிவடங்களை இழுத்து இறுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கராஜ் தரையிலேயே அதற்கான எச்சரிக்கை பதித்திருக்கும். அந்தத் தளத்தில் யாரும் வெட்டவோ ஆழமாகத் துளை போடவோ கூடாது; அறுபட்ட வடம் உயிருக்கே ஆபத்து. கான்ட்ராக்டர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பேட்டியோ தளம் பெரும்பாலும் தனியாக ஊற்றிய மெல்லிய தளமாக, அடியில் அஸ்திவாரம் இல்லாமல் இருக்கும். நடக்க அது போதும். சுவரையும் கூரையையும் தாங்க ஓரத்தில் அஸ்திவாரம் தேவை. மழைநீர் ஓட வெளிப்பக்கம் சாய்வாகவும் ஊற்றியிருப்பார்கள். டைல்ஸ் போடுவதற்கு முன் அதையும் சமன்செய்ய வேண்டும்.

படுக்கையறை ஜன்னல் எதுவும் இந்த அறைக்குள் திறக்கும்படி ஆகிவிடக் கூடாது. தீ விபத்தில் தப்பிக்கும் வழி அது. துணி டிரையரின் காற்றுப்போக்கி இந்தச் சுவரில் இருந்தால் அதையும் இடம் மாற்ற வேண்டும். நகராட்சி பெர்மிட் வேறு, ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி வேறு. இரண்டும் எழுத்தில் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படி 4: கூரையும் சன்ஷேடும்

கண்ணாடிக் கூரை வேண்டாம். பாலிகார்பனேட்டும் வேண்டாம். ஜூன் நடுப்பகலில் படுக்கையான ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. தெற்குக் கண்ணாடி எவ்வளவோ தப்பித்துக்கொள்ளும். கூரைக்குத் தப்ப வழியே இல்லை. திடமான கூரை, உள்ளே நுரை அடைத்த அலுமினியப் பேனலோ மரச்சட்டமோ எதுவானாலும், மேலே வெள்ளைப் பூச்சு. மாதிரி எரிசக்தி விதி இந்த வட்டாரத்துச் சன்ரூம் கூரைக்குக் கேட்பது குறைந்தபட்சம் ஆர்-19 வெப்பக் காப்பு (ஆர் எண் கூடக்கூட வெப்பம் கடப்பது குறையும்). ஏசி வைப்பதாக இருந்தால் அதற்கு மேலேயே போங்கள். கண்ணாடியில் செலவழிப்பதைவிடக் கூரையில் செலவழிக்கும் பணம் நன்றாக உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது சன்ஷேடு. தெற்குக் கண்ணாடி 7 அடி உயரம், அதன் மேல்விளிம்பை ஒட்டி 3 அடி சன்ஷேடு நீட்டுகிறோம் என்று வையுங்கள். நடுப்பகலில் நிழல் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க, சூரிய உயரத்தின் டேன்ஜென்ட்டை 3ஆல் பெருக்கினால் போதும். ஜூன் 21இல் 17 அடி வருகிறது, அதாவது கண்ணாடி முழுக்க நிழல். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இப்படித்தான். செப்டம்பர் 22இல் நாலரை அடிதான் நிழல், கீழே இரண்டரை அடியில் வெயில். டிசம்பர் 21இல் நிழல் 2 அடி மட்டும். மீதி 5 அடியில் வெயில் தாராளமாக உள்ளே வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ச் 20ஆம் தேதியும் செப்டம்பர் 22ஆம் தேதியும் சூரியனுக்கு ஒன்றுதான். அதே உயரம், அதே நிழல். ஆனால் மார்ச்சில் பகல் 25, 26 செல்சியஸ், செப்டம்பர் கடைசியில் 37ஐ ஒட்டி. நிலையான சன்ஷேடு இந்த வித்தியாசத்தை அறியாது. இதற்காகச் சன்ஷேடை நாலரை அடிக்கு நீட்டினால் குளிர்கால வெயிலில் இன்னும் ஓர் அடி போய்விடும். அதனால் 3 அடியோடு நிறுத்தி, கண்ணாடிக்கு வெளியே கழற்றி மாட்டும் சன்ஸ்கிரீன் (வெயிலைத் தடுக்கும் வலைத்திரை) வையுங்கள். ஏப்ரல் கடைசியில் மாட்டி, அக்டோபர் கடைசியில் கழற்றலாம்.

படி 5: கண்ணாடி

ஜன்னல்மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டு எண்கள் பார்க்க வேண்டும். எஸ்.ஹெச்.ஜி.சி. என்பது விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பது. யு-ஃபேக்டர் என்பது வெளிக்காற்றின் சூடு எவ்வளவு எளிதாகக் கடத்தப்படுகிறது என்பது. இரண்டும் குறைவாக இருப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்கில் 10 சதுர மீட்டர் கண்ணாடி. கோடை மாலையில் சதுர மீட்டருக்கு 650 வாட் என்று வைத்தால் மொத்தம் 6500 வாட். சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் எஸ்.ஹெச்.ஜி.சி. 0.85ஐ ஒட்டி இருக்கும். 5500 வாட் உள்ளே. ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3500 வாட், ஆக ஒன்றரை டன் ஏசி இந்த ஒரு சுவருக்கே போய்விடும். 0.25 உள்ள இரட்டை லோ-ஈ கண்ணாடி (வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய பூச்சு உள்ளது) என்றால் 1600 வாட். அதற்கு வெளியே 80 சதவீதம் தடுக்கும் சன்ஸ்கிரீனும் மாட்டினால் ஏறத்தாழ 300, 400 வாட்டில் முடிந்துவிடும்.

உள்பக்கம் கர்ட்டனோ பிளைண்டோ போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும்.

தெற்குச் சுவருக்கு மட்டும் 0.35, 0.40 அளவுள்ள கண்ணாடி எடுத்தால் குளிர்கால வெயில் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் நகராட்சி அனுமதிக்கிறதா என்று கேட்டுச் செய்யுங்கள். வெறும் கறுப்பு டின்ட் கண்ணாடியை வாங்காதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கும், தானே சூடேறி அந்தச் சூட்டை உள்ளே வீசும். லோ-ஈ கண்ணாடிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஓர் இடத்தில் குவிந்து செயற்கைப் புல்லை உருக்கிவிடும். எதிரே புல் விரித்திருந்தால் அதற்கும் வெளி ஸ்கிரீன்தான் தீர்வு.

சட்டத்துக்கு வெப்பத்தடை வைத்த அலுமினியமோ ஃபைபர்கிளாஸோ நல்லது. அடர்நிற வினைல் இந்த வெயிலில் வளைந்துபோகலாம். தரையை ஒட்டியும் கதவுப் பக்கத்திலும் டெம்பர்டு கண்ணாடிதான் (உடைந்தாலும் கூரிய துண்டாகாத கண்ணாடி) போட வேண்டும்.

படி 6: காற்று, தூசி

குளிர்காலத்திலேயே தெற்கு வெயிலில் அறை சூடேறிவிடும். அதனால் திறக்கும் ஜன்னல்கள் எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் வேண்டும். சீலிங் ஃபேனுக்கு வயரிங் இப்போதே இழுத்துவிடுங்கள். ஜூலை இரவில் ஜன்னலைத் திறந்து பயனில்லை, வெளியே அப்போதும் 30 செல்சியஸை ஒட்டி இருக்கும்.

ஈரக்காற்றுக் கூலர் மே, ஜூனில் அருமையாக வேலை செய்யும். பருவமழை ஈரம் ஏறியதும் படுத்துவிடும். வருஷம் முழுக்க வேண்டுமென்றால் தனி மினி-ஸ்பிளிட் ஏசி வையுங்கள். வீட்டு ஏசியின் காற்றுக்குழாயான டக்ட்டை இந்த அறைக்கு நீட்டினால் மற்ற அறைகளுக்குக் காற்று குறையும்.

கோடையில் ஹபூப் என்ற புழுதிப்புயல் வரும்போது, நெகிழ்ந்த சறுக்கு ஜன்னல்களின் இடுக்குகளில் மாவு மாதிரி தூசி புகுந்துவிடும். அழுத்தி மூடும் கீல் ஜன்னல்கள் இதற்கு நல்லது. கதவடியில் நல்ல ஸ்வீப் (இடுக்கை மூடும் பட்டை) வையுங்கள். இந்த ஊர்த் தேளுக்கு மிகச் சிறிய இடுக்கு போதும்.

ஏசி இல்லாத அறையில் கோடையில் மெழுகுவர்த்தி, மின்னணுச் சாமான் எதையும் விட்டுவைக்காதீர்கள். ஆனால் உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் கறிவேப்பிலைத் தொட்டியை இழுத்து உள்ளே வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

படி 7: பணம் கொடுப்பதற்கு முன்

ஜன்னல் லேபிள்களைக் கிழிக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஆர்டரில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் கூரை இணைப்பின்மேல் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ரூபாய்த்தாளோ டாலர்த்தாளோ வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் சீல் சரியில்லை. நகராட்சியின் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த தாள் வந்ததும் மீதித் தொகையைக் கொடுங்கள்.